படம் நல்லா இருக்கு, பறவை எது?

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து குளங்களில் தண்ணீர் ஏறிவிட்டால், கோவை சிங்காநல்லூர் குளத்துக் கரையிலும் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டிலும் திருப்பூர் நஞ்சராயன் குளத்திலும் விடிகிற நேரத்துக்கே கேமராவோடு ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே முடிந்த வேலை இது. 2015-இல் 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி900 வந்த பிறகு, லென்ஸ் மாற்றத் தேவையில்லாத ஒரே கேமராவில், குளத்தின் எதிர்க்கரையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் மூக்கு வரை எடுக்க முடிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் படம் எடுப்பது சுலபமான அளவுக்கு, எடுத்த பறவை எது என்று சொல்வது சுலபமாகவில்லை. நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்க்கும்போது இது திரும்பத் திரும்பத் தெரிகிறது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னணி மங்கலாக, அழகாக இருக்கும், கேட்கிற கேள்வி மட்டும் "இது என்ன பறவைங்க?" என்பதாக இருக்கும். அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் பதில் கிடைக்காத நாட்கள் உண்டு. இதில் திறமைக் குறைவு ஒன்றும் இல்லை. அழகுக்காக எடுக்கிற படமும் அடையாளம் காண எடுக்கிற படமும் வேறு வேறு வேலைகள், அவ்வளவுதான்.

இதை முதலில் தெளிவாக யோசித்தவர்களில் ஒருவர் ராஜர் டோரி பீட்டர்சன். 1934-இல் அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய பறவைக் கையேட்டில் பறவைகளை ஒரே நிலையில், ஒரே பக்கம் பார்த்த மாதிரி வரைந்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் இடத்துக்கு மட்டும் சின்னக் கோடு போட்டுக் காட்டியிருந்தார். கண்ணுக்கு மேலே ஒரு பட்டை, இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு, வாலடியில் ஒரு நிறம், அவ்வளவுதான் காட்டுவார். இன்றைக்கும் நல்ல கையேடுகள் பலவற்றில் புகைப்படத்தைவிட ஓவியமே அதிகம் இருப்பதற்குக் காரணம் இதுதான். புகைப்படம் காட்டுவது ஒரே ஒரு பறவையை, ஒரே ஒரு நொடியில், அன்றைய வெளிச்சத்தில், அது திரும்பியிருந்த பக்கத்திலிருந்து மட்டும். பீட்டர்சன் கோடு போட்ட இடம் அந்த நொடியில் மறைந்திருந்தால் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நம்ம ஊர்க் குளத்தில் எல்லோரும் முதலில் எடுப்பது கொக்கு. அதையே எடுத்துக்கொள்வோம். "வெள்ளைக் கொக்கு" என்று ஒரே பெயரில் நாம் சொல்வது நான்கு பறவைகள்: சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு, அப்புறம் மாடுகளுக்குப் பின்னால் போகும் உண்ணிக்கொக்கு. நான்கும் சேர்ந்து நின்றால் குழப்பமே இல்லை, உயரத்திலேயே தெரிந்துவிடும். தனியாக ஒன்று நிற்கும்போதுதான் பிரச்சனை, ஏனென்றால் படத்தில் முதலில் காணாமல் போவது அளவு. பறவை சட்டத்தை நிரப்பிவிட்டால் அது ஒன்றரை அடிப் பறவையா மூன்றடிப் பறவையா என்று சொல்ல எதுவுமே இல்லை. சரி, மூக்கின் நிறத்தைப் பார்க்கலாம் என்றால், சின்னக் கொக்குக்குக் கருப்பு மூக்கு, மற்ற மூன்றுக்கும் மஞ்சள் என்பது பாதி வருஷத்துக்குத்தான் சரி. இனப்பெருக்க காலத்தில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும்கூட மூக்கு கருத்துவிடும். சின்னக் கொக்கை உறுதியாகச் சொல்லும் அடையாளம் அதன் பாதம். கால் முழுக்கக் கருப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அந்த விரல்கள் தண்ணீருக்குள் இருக்கும், இல்லையென்றால் சேறு அப்பியிருக்கும். அதனால் அது காலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும் நொடியையும் பறக்க எழும் நொடியையும் எடுக்க வேண்டும். பறக்கும்போது கால்கள் பின்னால் நீண்டு மஞ்சள் விரல்கள் தனியாகத் தெரியும். இறக்கை மங்கலாக வந்தாலும் பரவாயில்லை.

பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. வாய் பிளக்கும் கோடு மூக்கின் அடியிலிருந்து முகத்துக்குள் ஓடும் இல்லையா, பெரிய கொக்கில் அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்கில் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். இதற்கு முகம் பக்கவாட்டில், நிழல் விழாமல் இருக்க வேண்டும். முகத்தை நேராக நம்மைப் பார்த்து எடுத்த படம் ரொம்ப அழகாக இருக்கும், ஆனால் இந்தக் கோடு அதில் தெரியவே தெரியாது. உண்ணிக்கொக்கு இதைவிடச் சுலபம். மூக்கு குட்டை, தாடைக்குக் கீழே இறகு தடித்து, முகமே கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கும்.

நீர்க்காகங்களிலும் இதே கதைதான், கொஞ்சம் கடுமையாக. கோவை உக்கடம் பெரியகுளத்தில் பட்ட மரம் ஒன்றில் பத்து நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதில் சின்ன நீர்க்காகமும் இந்திய நீர்க்காகமும் கலந்தே இருக்கும். இரண்டுக்கும் நீளத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வித்தியாசம், எதிர்வெயிலில் இரண்டும் கரி. பார்க்க வேண்டியது மூக்கும் தலையும். சின்ன நீர்க்காகத்துக்கு மூக்கு குட்டை, தலை உருண்டை. இந்திய நீர்க்காகத்துக்கு மூக்கு ஒல்லியாக நீண்டு நுனியில் வளைந்திருக்கும், கண் நீலப்பச்சை. அந்தக் கண்ணின் நிறம் படத்தில் வந்துவிட்டால் அப்புறம் வாதமே இல்லை, ஆனால் கருப்புப் பறவையின் கண் நிறம் வர வேண்டுமென்றால் சூரியன் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

சூரியன் எங்கே இருக்கிறது என்பதைக் குளத்தின் அமைப்பே பாதி தீர்மானிக்கிறது. கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் போட்டிருப்பார்கள், மேட்டுப் பக்கம் திறந்திருக்கும், தண்ணீர் அங்கிருந்துதான் உள்ளே வரும். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஆறு. அதன் தண்ணீரில் நிரம்புகிற குளங்களில் கிழக்குக் கரை கிடைத்தால் காலையில் அங்கே நிற்பது நல்லது, சூரியன் முதுகுப் பக்கம், பறவை முழு வெளிச்சத்தில். அதே கரையில் மாலையில் நின்றால் எல்லாமே நிழலுருவம், படம் அழகாக வரும், பெயர் வராது. கரையை ஒட்டி ஆழம் அதிகம் என்பதால் முக்குளிப்பான், நாமக்கோழி, வாத்து, கூழைக்கடா மாதிரி நீந்துகிறவை அங்கே கிடைக்கும். உள்ளான், ஆட்காட்டி, பவளக்கால் உள்ளான் மாதிரி சேற்றில் நடக்கிறவை எதிர்ப்பக்கம், தண்ணீர் உள்ளே வரும் ஓரத்தில், ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இரை தேடும். கரையிலேயே நின்றுகொண்டு குளத்தில் உள்ளானே இல்லை என்று கிளம்பிவிடுகிறவர்கள் அதிகம். சுற்றிப் போக வேண்டும்.

இன்னொன்று கானல். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஒரு காலையில் என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீரைக் காட்டிச் சொன்னார்: "எட்டரைக்கு மேல அலையடிக்க ஆரம்பிச்சுருமுங்க தம்பி, அப்புறம் தூரத்துல ஒண்ணும் தெரியாதுங்க." அதுதான் உண்மை. தரை சூடேறி, மேலெழும் காற்று ஒளியை வளைக்க ஆரம்பித்துவிட்டால் எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் வரும், ஜூம் கூடக்கூட நெளிவும் கூடும். ஃபோகஸ் சரியில்லை, லென்ஸ் கெட்டுப்போச்சு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். அந்த நேரத்துக்கு மேல் கிட்டத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் ஒரே ஒரு விஷயம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரமான சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் தண்ணீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும், இறகு ஒன்றும் மிஞ்சாது. எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, மைனஸ் ஒன்று வரை இறக்குங்கள். வானத்துக்கு எதிரே பறக்கும் பருந்துக்கு நேர் எதிர், பிளஸ் ஒன்றுக்கு மேல் ஏற்றினால்தான் அடிவயிற்றின் கோடுகள் வரும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் முழுசாக வெளுத்துப்போன இடத்தை யாராலும் மீட்க முடியாது. ஷட்டர் வேகம் பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி, நிற்கும் பறவைக்கு 1/500 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் உள்ளான்கள்தான். திருப்பூர் நஞ்சராயன் குளத்தில் ஊத்துக்குளிப் பக்கம் சேறு வெளியே தெரியும் ஓரங்களில் குளிர்காலத்தில் உட்கார்ந்தால், மைனாவைவிடச் சற்றே சின்னதாக, பழுப்பும் வெள்ளையுமாக, வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் பறவைகள் தெரியும். உட் சாண்ட்பைப்பர், கிரீன் சாண்ட்பைப்பர், காமன் சாண்ட்பைப்பர் மூன்றும் ஒரே குளத்தில் இருக்கலாம், மூன்றும் வடக்கிலிருந்து வருகிறவை. ஒன்றை மட்டும் கூர்ந்து பார்ப்போம். சேற்று விளிம்பில் இரண்டடி நடக்கிறது, நிற்கிறது, மூக்கை நுனி வரை மட்டும் குத்தி எடுக்கிறது. முதுகில் வெள்ளைப் பொரிகள் பெரிதாகத் தெளித்த மாதிரி இருக்கின்றன. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், அது கண்ணோடு முடியாமல் பின்னால் நீள்கிறது. கால் வெளிறிய மஞ்சள். இவ்வளவும் சேர்ந்தால் உட் சாண்ட்பைப்பர். அதே இடத்தில் முதுகு கருத்து, பொரிகள் பொடிசாகி, புருவம் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டால் கிரீன் சாண்ட்பைப்பர். காமன் சாண்ட்பைப்பருக்கு இறக்கை மடிந்திருக்கும் இடத்துக்கு முன்னால், நெஞ்சோரமாக, வயிற்று வெள்ளை ஒரு ஆப்பு மாதிரி மேலே ஏறியிருக்கும். அது ஒன்று போதும், எவ்வளவு மங்கலான படத்திலும் தெரியும்.

இப்போது பறவை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நொடியில் கேமராவைக் கீழே வைத்துவிடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டாவது பட்டனை அழுத்துங்கள். கிரீன் சாண்ட்பைப்பர் பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கிட்டத்தட்டக் கருப்பு, வாலடி பளிச்சென்று வெள்ளை, பார்க்கக் கருப்பு வெள்ளைப் பறவையாகவே ஆகிவிடும். உட் சாண்ட்பைப்பருக்கும் வாலடி வெள்ளை, ஆனால் இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும். காமன் சாண்ட்பைப்பர் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை விறைப்பாக வைத்துப் படபடவென்று அடித்துப் போகும், இறக்கையில் நீளமான வெள்ளைக் கோடு தெரியும். நடக்கும்போது பத்து நிமிஷம் குழப்பிய பறவை எழுந்த அரை நொடியில் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஆடிப்போன படத்தை வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அழித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்காது.

வாத்துகளில் மாதமும் சேர்ந்துகொள்கிறது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் வந்து இறங்கும்போது ஆண்களில் பல இன்னும் மங்கின இறகிலேயே இருக்கும், பெண்ணைப் போலப் பழுப்பாக. குளிர்காலம் போகப்போகத்தான் கையேட்டில் இருக்கிற நிறம் வரும். அதனால் முதல் மாதங்களில் நிறத்தை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள். தட்டைவாயனின் கரண்டி மாதிரியான மூக்கு எந்த மாதத்திலும் மாறாது, ஊசிவால் வாத்தின் நீண்ட ஒல்லிக் கழுத்தும் மாறாது. நம் ஊரிலேயே ஆண்டு முழுக்க இருக்கும் புள்ளிமூக்கு வாத்துக்கு மூக்கு நுனி மஞ்சள், மூக்கு தொடங்கும் இடத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். மற்றது எல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியான பறவை, இதை நன்றாகப் பழகிக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

குஞ்சுப் பருவமும் இதே மாதிரி ஏமாற்றும். நத்தைகுத்தி நாரையின் மூக்கு நடுவில் இடைவெளி விட்டிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது. வக்கா, மடையான் இரண்டும் கொக்கு வகைதான், இளம் வக்காவைப் பலர் மடையான் என்று எழுதுகிறார்கள். வக்காக் குஞ்சுக்குப் பழுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டுகள், மடையானுக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் கோடுகள். அப்புறம் மடையான் பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை, வக்கா அப்படி இல்லை. இங்கேயும் பறக்கும் படம்தான் கைகொடுக்கிறது.

சரி, செயலிதான் இருக்கிறதே, படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியை நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவி, புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் அதுவும் படத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறது. மறைந்துபோன விரலும் வெளுத்துப்போன இறகும் அதற்கும் தெரியாது. இடமும் தேதியும் சரியாகக் கொடுத்தால் பதில் கொஞ்சம் சுதாரிக்கும், அப்படியும் அது தருவது சாத்தியமான பெயர்களைத்தான். அதைக் கையேட்டோடு வைத்துப் பார்ப்பது நம் வேலை. குரல் கேட்டதா, எப்படி நடந்தது, வாலை ஆட்டியதா, கூட எத்தனை பறவைகள் இருந்தன, தண்ணீர் எவ்வளவு ஆழம், இதையெல்லாம் அங்கேயே நின்று போனில் ஒரு வரி எழுதிக்கொண்டால், வீட்டில் படத்தைத் திறக்கும்போது அந்த ஒரு வரிதான் முடிச்சை அவிழ்க்கும்.

கூடு கட்டும் பறவைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளோடு சரணாலயம் சுமார் 77 ஹெக்டேர்தான், கீழ்பவானிப் பாசன நிலங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி, அதில் உள்ள மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. நம் வெயிலில் பெரிய பறவை இறக்கையை விரித்து நிழல் கொடுக்காவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது. நாம் நெருங்கித் தாய் எழுந்து போனால், காகமும் பருந்தும் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே கூட்டை நெருங்கி எடுக்கும் படம் எதுவும் தேவையில்லை, பார்வைக் கோபுரத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தெரிவது போதும். குரலைப் பதிவில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் அப்படித்தான், வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, கொக்கு கொக்காகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் நம் குளங்களின் நிலைமை. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலுக்கு ஒரு நீர்நிலை தகுதி பெறும் வழிகளில் ஒன்று, அங்கே என்னென்ன பறவை எவ்வளவு வருகிறது என்ற பதிவு. பட்டியலில் இல்லாத குளங்கள்தான் நம் பக்கம் அதிகம். அவற்றில் சாயக்கழிவும் சாக்கடையும் சேர்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, ஒரு பக்கம் தூர்வாரிச் சரிவை வெட்டி, ஓரத்தைக் கல் பதித்து நிறுத்துகிறார்கள். தண்ணீர் அதிகம் நிற்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு சாண் ஆழச் சேறு போய்விட்டால் உள்ளானுக்கு அங்கே நிற்க இடமே கிடையாது, ஆழத்தில் முங்கும் நீர்க்காகம் மட்டும் மிஞ்சும். இந்த மாற்றம் நடந்தது என்று பின்னாளில் காட்ட வேண்டுமென்றால், "உள்ளான் வகை நிறைய இருந்தது" என்று சொன்னால் போதாது. எந்த உள்ளான், எந்தக் குளம், எந்த மாதம், எத்தனை என்று இருக்க வேண்டும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது, முப்பதாயிரம் பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் போட்ட பதிவுகளை வைத்துத்தான். விஞ்ஞானிகள் மட்டும் எடுத்த கணக்கு இல்லை அது, காலையில் கரையில் நின்றவர்கள் எடுத்தது.

ஈபேர்டில் பதிவிடும்போது, அந்த ஊருக்கு வழக்கமில்லாத பறவையையோ வழக்கத்துக்கு மிஞ்சின எண்ணிக்கையையோ போட்டால் அது தனியாகக் குறிக்கப்படும், சரிபார்க்கிறவர் ஆதாரம் கேட்பார். அப்போது தேவைப்படுவது நாம் சொன்ன அந்த ஆடிப்போன, வாலடி வெள்ளை தெரிகிற படம்தான். அதையும் நல்ல படத்தோடு சேர்த்தே ஏற்றுங்கள், ஏற்றும் படங்கள் கார்னெலின் மெக்காலே நூலகம் என்ற காப்பகத்தில் தங்கிவிடும். எது என்று முடிவாகத் தெரியவில்லையென்றால் ஊகித்து ஒரு பெயர் போட வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று என்று குறிக்கவும், பொதுவாக நீர்க்காக இனம், வாத்து இனம் என்று குறிக்கவும் அதிலேயே வசதி இருக்கிறது. பெயர்கள் அவ்வப்போது மாறும், நம் நடுத்தரக் கொக்கையும் உண்ணிக்கொக்கையும் சமீபத்தில் தனி இனங்களாகப் பிரித்தார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், இடத்தை வைத்து பெரும்பாலான பழைய பதிவுகளை அவர்களே மாற்றிவிடுவார்கள்.

ஆரம்பிக்க நல்ல நேரம் தை மாதம். 2015-இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, பொங்கல் நாட்களில் ஏதாவது ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவிட வேண்டும், அவ்வளவே. வாத்துகளின் நிறம் அதற்குள் தெளிய ஆரம்பித்திருக்கும், உள்ளான்களும் இருக்கும், காலை வெயில் தாமதமாகத்தான் ஏறும். ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊர்க் குளத்தையே எடுத்துக்கொள்ளலாம், பெயர்பெற்ற இடங்களுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை, இதுவரை ஒரு பதிவும் இல்லாத குளமாக இருந்தால் இன்னும் நல்லது.